நீர்க்கோட்டையின் மூன்று விளக்குகள்

மருமகள்: கயிறு, அத்தை, கயிறு! கயித்தைப் போடுங்க!

மாமியார்: போடுறேன், போடுறேன்... எந்தப் பட்டன்?

மருமகள்: முக்கோணம்!

மாமியார்: வட்டமா?

மருமகள்: முக்கோணம்! தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சு... வாய்க்கு வந்துடுச்சு... அத்தை!

மாமியார்: இந்தா, போட்டுட்டேன்.

மருமகள்: என் பொணத்து மேல போட்டிருக்கீங்க.

மாமியார்: நல்ல நாள் அதுவுமா என்ன பேச்சு? நாளைக்கழிச்சு ரயில் ஓட்டப் போற பொண்ணு பேசுற பேச்சா இது?

மருமகள்: ரயில்ல எனக்கு மேல உக்காந்து நீங்க கயிறு போட மாட்டீங்க. அந்தத் தைரியத்துலதான் வேலைக்கே சேர்றேன்.

மாமியார்: ம்ம்... நக்கல்.

மருமகள்: மூணு விளக்குல ஒண்ணு அணைஞ்சாச்சு. மிச்சம் ரெண்டே உயிர். சாமான் ஏத்த லாரி அஞ்சு மணிக்கு. இப்ப நாலு இருபது.

மாமியார்: நாப்பது நிமிஷம் இருக்கா? நாப்பது நிமிஷத்துல ஒரு குடல்வால் ஆப்பரேஷனே முடிச்சு, கத்தி கத்தரி எல்லாத்தையும் எண்ணி வெச்சுடுவேன் நான்.

மருமகள்: ஆப்பரேஷனை டாக்டர்தானே பண்ணுவாரு?

மாமியார்: அப்படின்னு அவர் நெனைச்சுக்கிட்டிருக்காரு. முப்பத்தோரு வருஷமா பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்குற நர்ஸ் நான். அவருக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியறதுக்குள்ள என் கை நீண்டிருக்கும்.

மருமகள்: அந்தக் கைக்கு முக்கோணம் எது, வட்டம் எதுன்னு மட்டும் ஆறு மாசமாத் தெரியலை.

மாமியார்: ஆப்பரேஷன் தியேட்டர்ல முக்கோணம் கிடையாதும்மா.

மகன்: அம்மா! இந்த இட்டிலிச் சட்டி எங்களுதா, உங்களுதா?

மாமியார்: உள்ள இருந்து கத்தாதேடா! எதுவா இருந்தாலும் பெட்டியில போடு!

மகன்: நான் கையில டேப்பை வெச்சுக்கிட்டுத் தனியா அல்லாடுறேன். நீங்க ரெண்டு பேரும் டி.வி. முன்னாடி...

மருமகள்: ஏங்க, அரை மணி நேரம்! நான்தான் காலையில ஒம்பது பெட்டி கட்டினேனே!

மகன்: அஞ்சடிச்சா டி.வி.யை அவுத்துடுவேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

மாமியார்: மூணும் அணைஞ்சா என்ன ஆகும்? சட்டுனு மறுபடி இங்கேயே வந்துடலாமா?

மருமகள்: எங்க வர்றது? முதல் கோட்டையிலேருந்து ஏறி வரணும். அதுக்கே ஒரு மணி நேரம். அப்ப இந்தத் திரை லாரிக்குள்ள படுத்திருக்கும். இந்த ரெண்டு விளக்குதான் அத்தை நமக்கு.

மாமியார்: ஏழாவது கோட்டை. கடைசிக் கோட்டை.

மருமகள்: ஆமா. இதைத் திறக்காம நான் ஊர் போனா, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ரயில் கதவு திறக்குறப்ப இந்தத் தண்ணிச் சத்தம்தான் காதுல கேக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சோம். சேர்ந்து முடிச்சுட்டுத்தான் கிளம்புவேன்.

மாமியார்: சரி. அப்ப யோசிச்சு ஆடுவோம். கண்டபடி ஓடக் கூடாது. முதல்ல அந்தக் காவக்காரனைப் பாரு.

மருமகள்: ஒத்தைக்கண்ணனா? ஆறு மாசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். புருஷனைக் கூட இவ்வளவு பாத்ததில்லை.

மகன்: காது கேக்குது!

மாமியார்: கண்ணால பாக்காதே. கேளு. அந்தச் சங்கிலியை அவன் சுத்துறதுல ஒரு ஓசை இருக்கு. பள்ளிக்கூடத்துல செய்யுள் படிச்சிருப்பியே... குறில், குறில், நெடில். ரெண்டு வீச்சு குட்டை. மூணாவது நீளம். அது முடிஞ்சதும் ஒரு மூச்சு விடுறான். அந்த மூச்சுதான் நமக்கு வழி.

மருமகள்: செய்யுள்ல நான் பாஸ் மார்க்குக்கு மேல ஒரு மார்க் வாங்கினதில்லை. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

மாமியார்: செவப்பு சிக்னல், செவப்பு சிக்னல், நீளமா ஒரு செவப்பு சிக்னல். அப்புறம் பச்சை.

மருமகள்: அடடா! அது என்னமோ பஸ் ஸ்டாண்ட் முக்கு மாதிரியே இருக்கு. இதை ஆறு மாசம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

மாமியார்: இப்பத்தானே... தோணுச்சு.

மருமகள்: நானும் ஒண்ணு சொல்றேன். எட்டு வருஷம் பஸ் ஓட்டினவ சொல்றேன், கேட்டுக்குங்க. பெரிய வண்டிக்கு ஒரு மூலை தெரியாது. எத்தனை கண்ணாடி மாட்டினாலும் தெரியாது. ஸ்கூட்டர்காரன் அங்கேதான் வந்து நிப்பான்.

மாமியார்: சரி?

மருமகள்: இவனுக்கு ஒரே கண்ணு. வலப்பக்கம். இடப்பக்கத்து மணியை ஒருத்தர் அடிச்சா உடம்பையே திருப்பித்தான் பாக்கணும். திரும்பினதும் அவன் தோளுக்குப் பின்னாடி ஒரு இருட்டு. மத்தவ அந்த இருட்டோட ஒட்டி, மேல போற பன்னெண்டு படிக்கல்லையும் ஏறிடணும்.

மாமியார்: மேல போனதும் கயிறு. கீழ மணி அடிச்சவ முழுகறதுக்குள்ள.

மருமகள்: தண்ணி காலுலேருந்து தலைக்கு ஏற எவ்வளவு நேரம்?

மாமியார்: எட்டு எண்ணிக்கை.

மருமகள்: எண்ணியே வெச்சிருக்கீங்களா?

மாமியார்: எண்றதுதானே என் பொழப்பு. உள்ள போன பஞ்சு எத்தனை, வெளிய வந்த பஞ்சு எத்தனை. எண்ணிக்கை சரியா வரலைன்னா வயித்தைத் தைக்க விட மாட்டேன், எந்தப் பெரிய டாக்டரா இருந்தாலும்.

மருமகள்: அப்ப இந்தத் தடவை நீங்க மணி. நான் ஏறுறேன். சத்தமா எண்ணுங்க.

மாமியார்: செவப்புச் சட்டை நான்தானே?

மருமகள்: நீங்கதான். நான் பச்சை. தயாரா?

மாமியார்: இரு, அந்த எழுத்தைப் படிச்சுக்கிறேன். “ஆழ்நீர்க் கோட்டை புகுந்தீர், அஞ்சற்க.” ஆகா... எழுதினவன் தமிழ் படிச்சவன். அஞ்சற்கங்குறான் பாரு!

மருமகள்: அஞ்சற்கன்னு சொல்லிட்டுத்தான் கொல்றான். போங்க போங்க, கதவு திறந்துடுச்சு!

மாமியார்: போயிட்டேன். தண்ணி வருது... மணிகிட்ட வந்துட்டேன். குறில்... குறில்...

மருமகள்: அவசரப்படாதீங்க.

மாமியார்: நெடில்! அடிச்சுட்டேன்! திரும்புறான், ஏறு!

மருமகள்: ஏறிட்டேன்... முதல் கல்லு... ரெண்டு...

மாமியார்: ஒண்ணு. ரெண்டு. ஏன் நிக்கிறே?

மருமகள்: நிக்கலை, அத்தை.

மாமியார்: நிக்கிறே! மூணு. இது பஸ் ஸ்டாப் இல்லடி! எந்தக் கல்லுல யார் ஏறுறாங்கன்னு பிரேக் போடுறே?

மருமகள்: பழக்கதோஷம்! கை தானா அமுக்குது!

மாமியார்: நாலு... அஞ்சு... இடுப்புக்கு வந்துடுச்சு! வலப்பக்கம் தாவு!

மருமகள்: ஒம்பதாவது கல்லு... வழுக்குது...

மாமியார்: ஆறு!

மருமகள்: பதினொண்ணு... பன்னெண்டு! வந்துட்டேன்!

மாமியார்: ஏழு! கயிறு!

மருமகள்: இதோ...

மாமியார்: எட்டு.

மருமகள்: போட்டுட்டேன்! பிடிங்க!

மாமியார்: எதால பிடிக்கிறது? செவப்புச் சட்டை மட்டும்தான் மிதக்குது.

மருமகள்: ஐயோ... அரை நொடி!

மாமியார்: நேத்தும் அரை நொடி. முந்தாநேத்தும் அரை நொடி. மேல நின்னுக்கிட்டு அந்த அரை நொடியில என்னதான் பண்றே? தலை சீவுறியா?

மருமகள்: நீங்க மட்டும்? அதுக்கு முன்னாடி என்னை முக்கோணத்துக்குப் பலி குடுத்தீங்களே.

மாமியார்: சரி, சரி. கணக்கு நேர்.

மருமகள்: ரெண்டாவது விளக்கும் போச்சு. ஒண்ணே ஒண்ணு எரியுது.

மகன்: எந்திரிங்க, எந்திரிங்க. லாரி வந்துடுச்சு.

மருமகள்: என்னது? நாலே முக்கால்தானே ஆகுது!

மகன்: வழியில நெரிசல் இல்லையாம். சீக்கிரம் வந்துட்டாங்க. சோபாவை ஏத்தணும். அண்ணே, உள்ள வாங்க, இதுதான். ஏம்மா, எந்திரிங்களேன்!

மாமியார்: சோபாதானே? எடுத்துக்கோ. டி.வி.யைத் தொட்டே, பெத்த பிள்ளைன்னு பாக்க மாட்டேன்.

மகன்: அந்தப் பெட்டி மேல உக்காராதீங்கம்மா, அதுல கண்ணாடித் தட்டு இருக்கு!

மாமியார்: அப்ப நின்னுக்கிட்டே ஆடுறோம். ஆறு மணி நேரம் அசையாம நின்ன காலு இது.

மருமகள்: ஏங்க, கொஞ்சம் நகருங்களேன், திரை மறைக்குது.

மகன்: என் வீட்டுல நான் நிக்க ஒரு இடம் கிடையாது. அம்மா... கடைசியாக் கேக்குறேன். டி.வி.யும் இந்த ஆட்டப்பெட்டியும் இங்கேயே இருக்கட்டுமே. நாங்க அங்க போய் வேற வாங்கிக்கிறோம்.

மாமியார்: எனக்கு எதுக்குடா? ட்யூட்டி முடிஞ்சு வந்தா காலை நீட்டிப் படுத்தாப் போதும்.

மகன்: இல்லைன்னா எங்களோடவே வந்துடுங்கன்னா...

மாமியார்: ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. அது முடிஞ்சா பாப்போம். இப்ப போ, சோபாவைக் கதவுல இடிச்சுடப் போறாங்க.

மகன்: அண்ணே! பாத்து, பாத்து! காலைத் திருப்பித் தூக்குங்க!

மருமகள்: கை வேர்க்குது.

மாமியார்: முந்தானையில தொடை. ம்... சுடிதாரா. என் முந்தானையில தொடை, இந்தா.

மருமகள்: அத்தை.

மாமியார்: சொல்லு.

மருமகள்: இந்த ஒரு தடவை... தோக்க வேண்டாம்.

மாமியார்: தோக்க வேண்டாம்னா? தினமும் என்ன, வேணும்னா தோத்தோம்?

மருமகள்: பேச்சுக்குச் சொன்னேன்.

மாமியார்: ம்ம். வேண்டாம். இந்தத் தடவை தோக்க வேண்டாம்.

மருமகள்: நான் மணி அடிக்கிறேன்.

மாமியார்: நான் அடிக்கிறேன். நீ ஏறு.

மருமகள்: எப்பவும் நீங்களே தண்ணியில நிக்கணுமா? நான் நிக்கிறேன், நீங்க ஏறுங்க.

மாமியார்: முக்கோணம் மறந்துடும்.

மருமகள்: மறக்காது, நான் கத்துறேன்.

மாமியார்: தர்க்கம் பண்ணாதே, நேரம் போகுது. நீ ஏறு. நான் எண்றேன். கயிறு எட்டுக்கு வரக் கூடாது. ஏழுக்கு வரணும்.

மருமகள்: ஆறுக்கே வரும்.

மாமியார்: பாப்போம் அந்த ஆறை!

மருமகள்: பாருங்க! கதவு... திறந்துடுச்சு! என்ன முணுமுணுக்குறீங்க?

மாமியார்: பதிகம். தியேட்டர்ல கை கழுவுறப்ப பாடுறது.

மருமகள்: பாடுங்க, பாடுங்க. நல்லா பலமாவே பாடுங்க. சாமி இந்த ஊருக்கு இன்னிக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்.

மாமியார்: தண்ணி பாதத்துக்கு வந்துடுச்சு. நான் மணிகிட்ட. குறில்... குறில்...

மருமகள்: இருங்க, நான் இன்னும் தூணுகிட்ட வரலை!

மாமியார்: நெடில். அடிக்கலை. அடுத்த சுத்துக்கு விட்டேன். வந்துட்டியா?

மருமகள்: வந்துட்டேன்! ஒட்டி நிக்கிறேன்!

மாமியார்: குறில்... குறில்... நெடில்... மூச்சு! அடிச்சாச்சு! ஏறு!

மருமகள்: ஏறிட்டேன்!

மாமியார்: ஒண்ணு!

மருமகள்: தாவுறேன், தாவுறேன்...

மாமியார்: ரெண்... ஏய்! மூணு கல்லை ஒரே தாவாத் தாண்டிட்டே! எங்கடி கத்துக்கிட்டே இதை?

மருமகள்: தெரியலை, வந்துடுச்சு! எண்ணுங்க!

மாமியார்: மூணு!

மருமகள்: ஐயோ, அவன் என் பக்கம் திரும்புறான்! கண்ணு என் மேல விழுது! அத்தை, சங்கிலி!

மாமியார்: குனி! அப்படியே இரு! நான் பாத்துக்கிறேன்!

மருமகள்: என்ன பண்றீங்க? மணியை விட்டுட்டு எங்க போறீங்க? சுவத்து மேல ஓடுறீங்க! சுவத்து மேல ஓட முடியுமா இதுல?

மாமியார்: ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினா முடியும். நாலு! இந்தா, மேலால சுத்தி வந்து மணியை மறுபடி அடிச்சுட்டேன்! திரும்பிட்டான், போ!

மருமகள்: அத்தை, நீங்க நர்ஸா, சர்க்கஸ்காரியா?

மாமியார்: ஏறுடி! இடுப்புக்கு வந்துடுச்சு!

மருமகள்: எட்டு... ஒம்பது... வழுக்குற கல்லு, அதைத் தொடாமலே போறேன்...

மாமியார்: அஞ்சு! பிரேக் போடாதே!

மருமகள்: யாரு போட்டா? பதினொண்ணு! பன்னெண்டு!

மாமியார்: ஆ...

மருமகள்: கயிறு போட்டாச்சு!

மாமியார்: ...று! ஆறு முடியறதுக்குள்ளயா! பிடிச்சுட்டேன்! இழு!

மருமகள்: இழுக்குறேன்! சங்கிலி வருது, காலைத் தூக்குங்க!

மாமியார்: தூக்கிட்டேன்! பாத்தியா, பாதத்தை உரசிக்கிட்டுப் போகுது!

மருமகள்: இன்னும் ரெண்டு முழம்... ஒரு முழம்... வாங்க, வாங்க, வாங்க... வந்துட்டீங்க!

மாமியார்: கதவு! கதவு எங்க?

மருமகள்: இதோ! ரெண்டு பேரும் சேர்ந்தாப்புல கை வைக்கணும். ஒருத்தர் முந்தினாலும் திறக்காது. எண்ணுங்க!

மாமியார்: ஒண்ணு... ரெண்டு...

மகன்: அம்மா, டி.வி. வயரை...

மாமியார், மருமகள்: தொடாதே!

மாமியார்: மூணு!

மருமகள்: திறந்துடுச்சு! அத்தை! திறந்துடுச்சு! திறந்துடுச்சு!

மாமியார்: தண்ணி இறங்குது பாரு! அவன் மண்டி போடுறான் பாரு! சங்கிலியைக் கீழ வெச்சுட்டான்!

மருமகள்: அத்தை, குதிக்காதீங்க, கீழ் வீட்டுக்காரர் வந்துடுவாரு!

மாமியார்: வரட்டும்! அவரையும் குதிக்கச் சொல்லு!

மகன்: சாமான் ஏத்த வந்தவங்க எல்லாம் சோபாவைப் படியில வெச்சுட்டு இங்க வந்து கை தட்டுறாங்க. அண்ணே, தட்டினது போதும், வாங்க.

மருமகள்: இருங்க, இருங்க, எழுத்து வருது. எல்லா விளக்கும் மறுபடி எரியுது. அத்தை, உங்களுக்குப் பிடிச்ச தமிழ். படிங்க.

மாமியார்: குதிச்சதுல கண்ணாடி எங்கேயோ விழுந்துடுச்சு, நீயே படி.

மருமகள்: “நீர் வடிந்தது; நெடுங்கதவம் திறந்தது. வாழ்க நீவிர். இவ்வில்லத்தில் இது மூன்றாம் வெற்றி.”

மாமியார்: மூணா? ரெண்டுன்னுல்ல வரணும்?

மருமகள்: ஏன் அத்தை ரெண்டு?

மாமியார்: ரெண்டுன்னா சொன்னேன்?

மருமகள்: சொன்னீங்க.

மகன்: நான் கீழ போய் லாரியைப் பாத்துட்டு வந்துடுறேன்.

மாமியார்: நில்லுடா! ஏன்டா ஓடுறே? போயிட்டான்.

மருமகள்: அத்தை.

மாமியார்: மூணு மாசம் ஆச்சு. உனக்கு டிப்போவுல மீட்டிங்னு லேட்டான அன்னிக்கு. சும்மா பழகிப் பாக்கலாம்னு இந்தக் கையில செவப்புச் சட்டை, அந்தக் கையில பச்சைச் சட்டைன்னு வெச்சுக்கிட்டு ஆடினேன். எனக்கு ரெண்டு கையும் ஒண்ணுதானே. திறந்துடுச்சு.

மருமகள்: ஒத்தை ஆளா! அத்தை, அதை எப்படி என்கிட்ட சொல்லாம இருந்தீங்க?

மாமியார்: எப்படிம்மா சொல்றது? இதுக்கு மேல கோட்டை இல்லை. முடிஞ்சுதுன்னா பெட்டியை மூடிடுவோம். மறுநாள் நீ வேலை முடிஞ்சு வருவே, “சாப்பிட்டாச்சா அத்தை”ம்பே. “ஆச்சு”ம்பேன். நீ உன் ரூமுக்குப் போயிடுவே. கல்யாணமாகி வந்த முதல் ரெண்டு மாசம் அப்படித்தானே இருந்தோம்? எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சு. தெரியாதவ மாதிரியே ஆடிட்டேன். உன்னை முழுக வெச்சதுக்கு... மனசுல வெச்சுக்காதே.

மருமகள்: வெச்சுக்கலை.

மாமியார்: சரி, அது ஒண்ணு. இப்ப ஆடினது ஒண்ணு. நடுவுல இன்னொண்ணு எப்படி வந்துச்சு?

மருமகள்: அது நானும் உங்க பிள்ளையும். ரெண்டு மாசம் முன்னாடி, நீங்க ட்யூட்டிக்குப் போயிருந்தீங்க. ஜெயிச்சதும் “இரண்டாம் வெற்றி”ன்னு வந்துச்சு. நான் அவரைப் பாத்தேன், அவர் என்னைப் பாத்தாரு. முதல் வெற்றி யாருதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

மாமியார்: தெரிஞ்சுமா ரெண்டு மாசமா என்கூட உக்காந்து ஆடினே?

மருமகள்: நீங்க ஒருத்தரே எத்தனை நாளைக்குத்தான் தோப்பீங்க, அத்தை? அதான் பாதி நாள் நான் தோத்தேன்.